ஹெதர் மேடுகளில் ஒரு புழுவின் சரித்திரம்

பெரிய மனிதர்களுடைய கணக்குப் புத்தகங்களில் இடம்பெறும் பாக்கியம் எல்லா ஜீவராசிகளுக்கும் வாய்ப்பதில்லை. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வட மாவட்டங்களிலும் உள்ள மேட்டுநிலப் பண்ணைகளில், இன்ன தேதியில் இன்ன மேட்டில் இத்தனை துப்பாக்கிகள் சேர்ந்து இத்தனை பறவைகளை வீழ்த்தின என்று பாட்டன் காலந்தொட்டு எழுதிவைத்த வேட்டை ஏடுகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. வேட்டையின் பெருமையைச் சொல்வதற்கென்றே எழுதப்பட்ட அவ்வேடுகளைச் சற்று நிதானமாகப் புரட்டினால், சில வருஷங்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், பிறகு திடீரென்று பாதாளத்தில் விழுந்து, மறுபடி மெல்ல ஏறி மறுபடி விழுவதாக ஓர் அலை ஓடுவதைக் காணலாம். அந்த அலையை எழுப்பிய குற்றத்துக்காக நூற்றைம்பது வருஷமாக விசாரணைக் கூண்டில் நிற்பது, ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள, மயிரிழை போன்ற ஒரு குடற்புழு. வனஜீவன்களின் வயிற்றுக்குள் வாழும் புழுக்கூட்டங்களைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பவற்றில் கணிசமான பகுதி, பிரபுக்களின் பொழுதுபோக்குக்கு நேர்ந்த இந்த இடையூற்றைத் துருவியதன் உபபலனாகவே கிடைத்தது என்பது என் அபிப்பிராயம்.

பறவையின் பெயர் செங்கிரவுஸ். நம் கௌதாரிக்கும் காடைக்கும் உறவுமுறை கொண்டாடத்தக்க இனம், உருவத்தில் கௌதாரியை விடப் பெரிது, செம்பழுப்பு நிறம், கண்ணுக்கு மேலே சேவலுக்குச் சிவந்த புருவம். மரமில்லாத, குளிர்காற்று ஓயாத, கரிநிலம் பரவிய மேடுகளில் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து, ஆகஸ்டு மாதத்தில் ஊதாப் பூக்களால் மலைச்சரிவுகளை மூடிவிடும் ஹெதர் என்ற புதர்ச்செடிதான் இதற்கு வீடும் உணவும். வளர்ந்த பறவை வருஷத்தின் பெரும்பகுதி ஹெதரின் இளந்தளிர்களைத் தவிர வேறு அதிகமாக எதையும் தின்பதில்லை. நாரும் கசப்பும் மிகுந்த அந்த ஆகாரத்தைச் செரிப்பதற்கென்று இயற்கை அதற்கு இரண்டு குருட்டுக்குடல்களை வழங்கியிருக்கிறது. ஒவ்வொன்றும் பறவையின் உடலைவிட நீளமானது. ஒரு முனை மூடியது. உள்ளே நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கச்செய்து சத்தைப் பிரித்துக் கொடுக்கின்றன. இந்த இரண்டு குழாய்களில்தான் நம் கதாநாயகன் குடியிருக்கிறான். குருட்டுக்குடல் இல்லாவிட்டால் கிரவுஸுக்கு ஹெதர் செரிக்காது. அது புண்பட்டுவிட்டால், எதிரே மைல் கணக்கில் தளிர் கிடந்தும் பறவை மெலியும்.

இந்தப் பறவையை மையமாக வைத்து ஒரு பொருளாதாரமே எழுந்த விதத்தைச் சொன்னால்தான் புழுவின் முக்கியத்துவம் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில், நாயை முன்னே விட்டு மேடேறி நடந்து, எழும்பிய பறவையைச் சுடுவதே வழக்கமாக இருந்தது. பின்பக்கமாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி வந்தது. லண்டனிலிருந்து மலைநாட்டுக்கு ரயில் வந்தது. விக்டோரியா மகாராணி 1852-ல் பால்மோரல் பண்ணையை வாங்கி, மலைநாட்டு வாசத்தை மேட்டுக்குடியின் நாகரிகமாக ஆக்கிவிட்டார். அதன் பின், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பறவைகளை ஓட்டச்செய்து, தரைமறைவுகளுக்குப் பின்னே காத்திருப்போர் தலைக்கு மேலே மணிக்கு அறுபது மைல் வேகத்தில் பறந்துவருபவற்றைச் சுட்டு வீழ்த்தும் முறை நிலைபெற்றது. 1888 ஆகஸ்டு 30 அன்று யார்க்ஷயரிலுள்ள பிளபர்ஹவுசஸ் மேட்டில் வால்சிங்கம் பிரபு தாம் ஒருவராகவே 1,070 பறவைகளைச் சுட்டார். 1915 ஆகஸ்டு 12 அன்று லங்காஷயரின் அபேஸ்டெட் பண்ணையில் எட்டுப் பேர் சேர்ந்து 2,929 பறவைகளை வீழ்த்தினார்கள். அதே கோடையில் கடலுக்கு அப்பால் மனிதர்கள் ஒருவரையொருவர் இதைவிடப் பெரிய எண்ணிக்கையில் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பண்ணை ஏடு குறிப்பிடவேண்டிய அவசியமில்லை.

வேட்டைக்குரிய மற்றொரு பறவையான ஃபெசன்ட்டைக் கோழிபோல் முட்டை வைத்துப் பொரித்து, ஆயிரக்கணக்கில் வளர்த்துக் காட்டில் விடலாம். கிரவுஸை அவ்விதம் வளர்த்து மேடுகளை நிரப்ப முடியவில்லை. ஆகையால் பறவை பெருகவேண்டுமானால் மேட்டைத்தான் பெருக்கத்துக்கு ஏற்றதாக மாற்றவேண்டும். அதற்கென்று வேட்டைக்காவலர் என்ற தொழில் வேரூன்றியது. காவலர் முதிர்ந்த ஹெதரைத் துண்டுதுண்டாக எரித்துப் புதுத்தளிர் கிளம்பச்செய்தார். நரி, மரநாய், கீரியின் தம்பி போன்ற ஸ்டோட், பருந்து, வல்லூறு, காகம் ஆகிய யாவற்றையும் பொறிவைத்தும் நஞ்சிட்டும் சுட்டும் ஒழித்தார். அவற்றுள் எத்தனையைக் கொன்றார் என்பதும் ஏட்டில் ஏறியது. ஒரு நூற்றாண்டுக் காலம் இப்படி உழைத்ததன் பலனாக, உலகில் எந்தக் காட்டுக்கோழி இனமும் இயல்பாக வாழாத நெருக்கத்தில் செங்கிரவுஸ் வாழத் தொடங்கியது. அந்த நெருக்கத்தில் வேறு யார் சுகமாக வாழக்கூடும் என்ற கேள்வி அன்று எவர் மனத்திலும் எழவில்லை.

வியாதி பெரும்பாலும் வசந்தகாலத்தில் தோன்றும். பனி விலகி, பெட்டைகள் முட்டையிடத் தயாராகும் தறுவாயில், நீரோடைகளின் ஓரங்களில் எலும்பும் இறகுமாய் இளைத்துப்போன பறவைகள் செத்துக்கிடக்கும். உயிரோடிருப்பவை பறக்க முயன்று சில கெஜத்தில் விழும். கால்களில் இறகு உதிர்ந்திருக்கும். அந்த வருஷம் குஞ்சு தேறாது. ஆகஸ்டு மாதத்துக்கு எடுத்த குத்தகை வீணாகும். 1870-களின் தொடக்கத்தில் இந்தக் கொள்ளைநோய் கடுமையாக மூண்டபோது, பிரபுக்களும் பாதிரிகளும் ஓய்வுபெற்ற ராணுவத்தாரும் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதங்களில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆடுகளுக்குப் பூசும் மருந்து என்றார் ஒருவர். உறைபனியில் கருகிய தளிர் என்றார் மற்றொருவர். பருந்துகளைக் கொன்றதால் நோஞ்சான் பறவைகள் பிழைத்து நோயைப் பரப்புகின்றன என்று வாதித்தவர்களும் இருந்தார்கள். கடைசியாகச் சொன்னவர்களின் பேச்சை, வேட்டைக்காவலருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த எவரும் கேட்க விரும்பவில்லை.

குற்றவாளியைப் பெயர்சொல்லி முதலில் சுட்டியவர் தாமஸ் ஸ்பென்சர் காப்போல்ட். யானை முதல் மனிதன் வரை எல்லா உயிர்களின் குடலையும் ஆராய்ந்து, குடற்புழு சாஸ்திரத்தை இங்கிலாந்தில் நிலைநாட்டிய மருத்துவர் அவர். 1873-ல் வெளியிட்ட சிறு பிரசுரம் ஒன்றில், செத்த பறவைகளின் குருட்டுக்குடல்களில் ஆயிரக்கணக்கான நூற்புழுக்களைக் கண்டதாகவும், கொள்ளைநோய்க்கு அவையே காரணம் என்றும் வாதித்தார். அவர் சொன்னதைப் பிரபுக்கள் பாதிதான் நம்பினார்கள். ஏனென்றால், நன்றாகப் பறந்து நன்றாகச் சுடப்பட்டுச் சமையலறைக்கு வந்த கொழுத்த பறவைகளை அறுத்துப் பார்த்தாலும் அதே புழு இருந்தது. இதற்குள் பாக்டீரியா சாஸ்திரத்தின் பொற்காலம் பிறந்துவிட்டது. 1892-ல் எட்வர்டு கிளைன் என்ற பாக்டீரியா நிபுணர், இது நுரையீரலைத் தாக்கும் ஒரு கிருமியின் வேலை என்று தனிநூலே எழுதினார். புழு ஒருவாறு விடுதலை பெற்றது. பறவைகள் சாவது மட்டும் நிற்கவில்லை.

இந்த நிலையில்தான் 1905-ல் வேளாண்மை வாரியம் கிரவுஸ் வியாதி விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் லோவட் பிரபு. செலவு சர்க்காருடையதன்று, நிலவுடைமையாளரும் வேட்டைக்காரரும் சந்தா செலுத்தினார்கள். களத்தில் இறங்கி உழைக்க ஓர் இளம் மருத்துவர் அமர்த்தப்பட்டார். காப்டன் ஸ்காட்டுடன் முதல் அண்டார்ட்டிக் யாத்திரைக்குப் போய் 1904-ல் திரும்பியிருந்த எட்வர்டு வில்சன்தான் அவர்: மருத்துவர், பறவை ஆராய்ச்சியாளர், தேர்ந்த ஓவியர், பக்திமான். பெங்குவின்களை வரைந்த கை கிரவுஸின் குடலை விரிக்க உட்கார்ந்தது. மேடுமேடாகச் சுற்றிப் பறவைகளைத் தாமே கண்டார். காவலர்கள் தபாலில் அனுப்பிய பறவைகள் அவரைத் தேடிவந்தன. புதிதாக வந்தவற்றையும் வழியிலேயே அழுகிப்போனவற்றையும் ஒன்றுபோல் ஏற்று, எடை, பால், வயது, இறகின் நிலை, தீனிப்பையில் இருந்த தளிர், குடலில் இருந்த புழு என்று குறித்துக்கொண்டே போய், ஏறத்தாழ இரண்டாயிரம் பறவைகளை அறுத்துப் பார்த்தார். இறகு மாறும் பருவம் சேவலுக்கும் பெட்டைக்கும் வேறுவேறு என்று கண்டுபிடித்ததும், அதை வர்ணத்தில் தீட்டியதும் இந்த உழைப்பின் நடுவே நிகழ்ந்தவை. ஓர் ஆய்வாளன் தன் கைக்கு வந்த வேலை அற்பமானதா பெரியதா என்று பார்ப்பதில்லை என்பதற்கு வில்சனைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

குழுவில் வேறு பெரியவர்களும் இருந்தார்கள். கேம்பிரிட்ஜின் ஆர்தர் ஷிப்லி, கிரவுஸின் மேலும் உள்ளும் வாழும் ஒட்டுண்ணிகள் அனைத்துக்கும் கணக்கெடுத்தார்: இறகில் பேன், தோலில் உண்ணி, சிறுகுடலில் நாடாப்புழுக்கள், குருட்டுக்குடலில் நூற்புழு. ஃபாந்தம் என்பவர், சிறு குஞ்சுகளின் சாவுக்குக் காக்சிடியா என்ற ஓரணு உயிரியே காரணம் என்று காட்டினார். நத்தை வழியாக மனிதருக்குப் பரவும் பில்ஹார்சியா வியாதியின் மர்மத்தைப் பின்னாளில் எகிப்தில் விடுவித்துப் புகழ்பெற்ற ராபர்ட் லைப்பரும் இங்கே நூற்புழுவின் ஜீவிய சக்கரத்தைத் தொடர்வதில் பங்கெடுத்தார். ஒரு பறவையின் குடல் என்பது ஒரே ஒரு விருந்தாளி தங்கும் அறையாக இல்லாமல், வெவ்வேறு ஜாதியார் வெவ்வேறு தெருக்களில் குடியிருக்கும் ஊராக இருக்கிறது என்ற எண்ணம், யாரும் அப்படிச் சொல்லாமலேயே, அந்த விசாரணையின் பக்கங்களில் உருவாகிவிட்டது.

புழுவின் வாழ்க்கை இது. குருட்டுக்குடலிலிருந்து தனியாக வெளிப்படும் பிசுபிசுப்பான எச்சத்தோடு முட்டைகள் தரையில் விழுகின்றன. ஈரமும் மிதமான சூடும் கிடைத்தால் பொரித்து, இளம்புழு இருமுறை தோலுரித்துக்கொண்டு, மழையோ மூடுபனியோ நனைத்த ஹெதர்த் தண்டின்மேல் மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்தி, பறவை கொத்தும் தளிர்நுனியை எட்டுகிறது. இடையில் நத்தையோ பூச்சியோ உதவிக்கு வேண்டியதில்லை. பறவை வேறு தளிரைத் தின்றால் தப்பலாம்; ஆனால் அதன் உலகத்தில் வேறு தளிர் இல்லை. உள்ளே போன புழு குருட்டுக்குடலின் சளிச்சவ்வைத் துளைத்து உலவுகிறது. சவ்வு சிவக்கிறது, குருதி கசிகிறது, செரிமானம் கெடுகிறது. பிற்கால ஆராய்ச்சி இதற்கு ஒரு நுட்பமான அத்தியாயத்தைச் சேர்த்தது: இலையுதிர் காலத்தில் உட்சென்ற இளம்புழுக்கள் குளிர்காலம் முழுவதும் வளராமல் உறங்கிக் கிடந்து, வசந்தம் அண்டும் வேளையில் ஒருசேர விழித்து வளர்கின்றன. தன் தேகத்திலிருந்து முட்டைக்குச் சத்தைப் பிரித்துக்கொடுக்கப் பெட்டை தயாராகும் அதே வாரங்களில், குடலுக்குள் ஆயிரக்கணக்கில் புழுக்கள் ஒன்றாக முதிர்ந்து எழுகின்றன. காவலர்கள் தலைமுறைகளாக அஞ்சிய வசந்தகாலச் சாவுக்கு விளக்கம் அங்கே இருந்தது.

1911-ல் வெளிவந்த இரண்டு பெரிய தொகுதிகளின் முடிவு, இன்று படித்தாலும் வியப்பளிக்கிறது. கிளைன் சொன்ன நுரையீரல் நோய் தென்படவில்லை. வளர்ந்த பறவைகளைக் கொல்வது நூற்புழுதான். ஆனால் நூற்புழு இல்லாத வளர்ந்த பறவையைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. ஆகவே புழு இருக்கிறதா என்ற கேள்வியால் பயனில்லை; எத்தனை இருக்கின்றன, அவற்றைத் தாங்கிக்கொள்ளப் பறவைக்குப் போதிய தளிர் கிடைக்கிறதா என்பனவே பொருளுள்ள கேள்விகள். நல்ல மேய்ச்சலில் உள்ள பறவை ஆயிரம் புழுக்களைச் சுமந்துகொண்டு பறக்கும். பின்பனியில் ஹெதர் கருகி, ஒரு மேட்டில் தாங்கமுடியாத அளவு பறவைகள் நெருங்கிவிட்டால், அதே புழு கொல்லும். ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்ற சித்தாந்தம் கொடிகட்டிப் பறந்த காலத்தில், கிரவுஸைப் பற்றிய விசாரணை ஒன்று, நோய் என்பது எண்ணிக்கையின் விஷயம், ஆகாரத்தின் விஷயம், நெருக்கத்தின் விஷயம் என்று எழுதிவைத்தது. குற்றவாளியின் பெயரைக் கேட்டுச் சந்தா கொடுத்த பிரபுக்களுக்கு, அந்தப் பெயர்ப்பட்டியலில் தங்கள் வேட்டை முறையும் மறைமுகமாக இடம்பெற்றிருப்பது புரிந்ததா என்று சொல்வதற்கில்லை. சிறுசிறு பட்டைகளாக ஹெதரை எரியுங்கள், பறவை மிகுந்த வருஷத்தில் தயங்காமல் சுடுங்கள் என்ற சிபாரிசுகளை மட்டும் அவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள்.

நூல் வெளிவந்தபோது வில்சன் இங்கிலாந்தில் இல்லை. 1910-ல் ஸ்காட்டுடன் மறுபடி தெற்கே புறப்பட்டவர், தென்துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் 1912 மார்ச்சு மாதத்தில் ஸ்காட்டுக்குப் பக்கத்தில், அதே கூடாரத்தில் உயிர்விட்டார். அவர் பெயர் சொன்னால் உலகத்தாருக்கு நினைவு வருவது அந்தக் கூடாரந்தான்.

அதன் பிறகு இரண்டு உலக யுத்தங்களின் இடைவெளியில் புழு சற்று மறக்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் சார்ல்ஸ் எல்ட்டன், பிராணிகளின் எண்ணிக்கை ஏன் அலைபோல் ஏறி இறங்குகிறது என்பதையே ஒரு சாஸ்திரமாக்கி, பேக்லி வனத்துக் காட்டெலிகளின் ஆரோக்கியத்தையும் ஒட்டுண்ணிகளையும் பற்றிச் சகாக்களோடு 1931-ல் விரிவான கட்டுரை வெளியிட்டார். அறுபதுகளிலோ காற்று வேறு பக்கமாக வீசியது. வடகிழக்கு ஸ்காட்லாந்தில் கிரவுஸை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த டேவிட் ஜெங்கின்ஸ், ஆடம் வாட்சன், பின்னர் ராபர்ட் மாஸ் ஆகியோர், இலையுதிர் காலத்தில் சேவல்கள் ஆளுக்கொரு நிலப்பரப்பைப் பிடித்துக்கொள்வதையும், நிலம் கிடைக்காத பறவைகள் ஓரங்கட்டப்பட்டு மெலிந்து, புழுவுக்கோ நரிக்கோ பனிக்கோ இரையாவதையும் கண்டார்கள். சாவின் உண்மைக் காரணம் சமூகத்தில் இடமின்மை. புழு வெறும் வெட்டியான் என்பது அவர்கள் கட்சி. அபர்தீன் பேராசிரியர் வின்-எட்வர்ட்ஸ் 1962-ல் எழுதிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய நூலுக்கு இந்தக் கிரவுஸ்களும் சாட்சி சொன்னன. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பழக்கமான பிசாசையே இந்த மேட்டில் கண்டது: காப்போல்ட் புழுவை, கிளைன் கிருமியை, அறுபதுகளின் அறிஞர்கள் சமுதாய அமைப்பை.

புழுவின்மீது மறுபடி வழக்குத் தொடுத்தது கணிதம். எழுபதுகளின் தொடக்கத்தில் கிராஃப்டன் என்ற ஆங்கில அறிஞர், எந்தக் கூட்டத்திலும் ஒட்டுண்ணிகள் எல்லாருக்கும் சமமாகப் பங்காவதில்லை, பெரும்பாலான புழுக்களை ஒருசிலரே சுமக்கிறார்கள் என்பதைக் கணக்காக்கிக் காட்டியிருந்தார். அதன்மேல் கட்டடம் எழுப்பிய ராய் ஆண்டர்சனும் ராபர்ட் மேயும், ஒட்டுண்ணி ஓர் உயிரினத்தின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தக்கூடும், சில நிபந்தனைகள் கூடினால் அலையாகவே ஆடச்செய்யவும் கூடும் என்று 1978-ல் நிறுவினார்கள். ஓம்பியை, அதாவது தான் குடியிருக்கும் உயிரை, சட்டென்று கொல்லாமல் அதன் மகப்பேற்றைக் குறைப்பது, ஒருசிலரிடம் குவியாமல் ஏறக்குறைய எல்லாரிடமும் பரவியிருப்பது, இளம்பருவத்தில் வளர்ச்சி தாமதமாவது ஆகியவை அந்த நிபந்தனைகள். மூன்றுக்கும் கச்சிதமாகப் பொருந்தும் உதாரணம் கிரவுஸின் நூற்புழு. யார்க்ஷயர் பள்ளத்தாக்குகளில் எழுபதுகளின் இறுதியிலிருந்து உழைத்துவந்த பீட்டர் ஹட்சன், இரவில் விளக்கொளியில் கண்கூசச்செய்து வலையில் பிடித்த பெட்டைகளுக்குப் புழுமருந்து புகட்டி விட்டுப் பார்த்தார். மருந்துண்ட பெட்டைகள், உண்ணாதவற்றைவிடக் கூடுதலாகக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கின.

இந்த ஆராய்ச்சியில் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு நாய்ச் செய்தி. மோப்பம் பிடித்துப் பறவையைக் காட்டிக்கொடுக்கப் பழக்கிய வேட்டைநாய்கள், புழுமருந்து உண்ட பெட்டைகளை மற்றவற்றைவிடக் குறைவாகவே கண்டுபிடித்தன. அடைகாக்கும் பெட்டை இயல்பாகத் தன் வாசனையை அடக்கிக்கொள்ளும். புழு மிகுந்தவளுக்கு அந்தச் சக்தி போய்விடுகிறது என்று ஹட்சனும் அவர் கூட்டாளிகளும் விளக்கினார்கள். நாய்க்கு எது மணக்கிறதோ அது நரிக்கும் மணக்கும். அப்படியானால் நரி இருக்கும் மேட்டில் புழு மலிந்த பறவை முதலில் வேட்டையாடப்பட்டு, அதன் வயிற்றிலுள்ள ஆயிரக்கணக்கான புழுக்களும் அதோடு ஒழியும். நரியைக் காவலர் ஒழித்த மேட்டில் அந்தப் பறவை உயிரோடு திரிந்து, எச்சமிட்டு, அண்டை அயலுக்குப் புழுவைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும். 1870-களில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி ஏளனத்துக்கு ஆளான அந்தப் பருந்துக் கட்சிக்காரர்களின் ஆவிகள், நூறு வருஷம் கழித்துச் சற்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம்.

இறுதிப் பரிசோதனை என்று கருதப்பட்டதை ஹட்சன், ஆண்ட்ரூ டாப்சன், டேவிட் நியூபார்ன் மூவரும் 1998-ல் வெளியிட்டார்கள். வட இங்கிலாந்தின் ஆறு மேடுகளில், எண்ணிக்கை சரியும் என்று எதிர்பார்த்த 1989-லும் 1993-லும் சிலவற்றில் பறவைகளைப் பிடித்து மருந்து கொடுத்தார்கள், சிலவற்றை விட்டுவிட்டார்கள். மருந்து கொடுக்காத மேடுகளில் எண்ணிக்கை வழக்கம்போல் அதலபாதாளத்தில் விழுந்தது. கொடுத்தவற்றில் வீழ்ச்சி மட்டுப்பட்டது. காட்டு உயிரினம் ஒன்றின் அலையை ஒட்டுண்ணியை நீக்கித் தணித்துக்காட்டிய முதல் நிகழ்ச்சி என்று இது கொண்டாடப்பட்டது. எதிர்க்கட்சி ஓயவில்லை. அலை தணிந்ததே ஒழிய நிற்கவில்லையே என்றார்கள்; 2003-ல் வேறு ஒரு குழுவினர், சேவல்களுக்கு இலையுதிர் காலத்தில் ஆண்மைச் சுரப்பைத் தோலடியில் வைத்துச் சண்டைக் குணத்தை ஏற்றிவிட்டால் எண்ணிக்கை சரிகிறது என்று காட்டினார்கள். பிறகு, அந்தச் சுரப்பு ஏறிய சேவலுக்குப் புழுவும் ஏறுகிறது என்று தெரியவந்தது. இரு கட்சியாரும் ஒரே சுவரின் இரு பக்கங்களில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு புழுவையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இதற்கிடையே அதன் அண்டை வீட்டாரையும் கவனிக்கத் தொடங்கியிருந்தன. கனடாவில் புஷ்ஷும் ஹோம்ஸும் ஒருவகைக் காட்டுவாத்துகள் 45-ஐ அறுத்து, அவற்றின் குடலில் 52 இனப் புழுக்களைக் கண்டு 1986-ல் எழுதினார்கள். அவை குடலின் நீளத்தில் தத்தமக்கென்று இடம் வகுத்துக்கொண்டிருந்தன. ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் பிரையன் போக் என்பவர், காட்டுமுயல்களை இருபத்துமூன்று வருஷங்கள் இடைவிடாமல் பரிசோதித்துச் சேர்த்த குறிப்புகளை அவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து, முயலின் குடற்புழுக்களுக்குள் சில ஒன்றையொன்று அடக்குகின்றன, சில ஒன்றுக்கொன்று வழிவிடுகின்றன என்று 2004-ல் வெளியிட்டார்கள். அந்த முயற்புழுக்களில் ஒன்று நம் கிரவுஸ் புழுவின் நெருங்கிய தாயாதி. எல்ட்டன் ஒருகாலத்தில் ஆராய்ந்த அதே இனக் காட்டெலிகளுக்குப் புழுமருந்து கொடுத்தபோது, நூற்புழுக்கள் குறைந்த இடத்தில் காக்சிடியா பதினைந்து மடங்கு பெருகிற்று என்று 2013-ல் ஒரு குழு அறிவித்தது. மருந்தின் வேகம் தணிந்து புழு திரும்பியதும் காக்சிடியா பழைய நிலைக்கு இறங்கியது. கிரவுஸ் குஞ்சுகளைக் கொல்வது காக்சிடியா, தாயைக் கொல்வது நூற்புழு என்று ஷிப்லியும் ஃபாந்தமும் தனித்தனி அத்தியாயங்களில் எழுதியபோது, அந்த இரண்டுக்கும் இடையே ஒரு வாய்க்கால் வரப்புத் தகராறு இருக்கக்கூடும் என்று நினைக்க அவர்களுக்கு ஆதாரம் இல்லை.

மேட்டுக்காரர்கள் இந்தத் தத்துவங்களுக்காகக் காத்திருக்கவில்லை. தளிரை அரைப்பதற்காகக் கிரவுஸ் சிறு படிகக்கற்களைக் கொத்தி விழுங்கும். கல் கிடைக்காத கரிநில மேடுகளில் காவலர்கள் கல்லைக் கொண்டுவந்து கொட்டுவது பழைய வழக்கம். அந்தக் கல்லின்மேல் கொழுப்போடு கலந்து புழுமருந்தைப் பூசிவைக்கும் யுக்தி எண்பதுகளில் தோன்றியது. 2007 வாக்கில் இன்னும் வீரியமான மருந்து பூசிய கல் வந்தது. இன்று சிறு பெட்டிகளில் இரு அறைகள். ஒன்றில் மருந்துக்கல், மற்றொன்றில் வெறுங்கல். சுடப்பட்ட பறவை உணவாகும் என்பதால் வேட்டைப் பருவத்துக்கு முன்பே மூடியைத் திருப்பி மருந்துக்கல்லை மறைத்துவிடவேண்டும் என்பது விதி. பல மேடுகளில் புழு அநேகமாக இல்லாமற்போய்விட்டது. பழைய அலை மங்கி, எண்ணிக்கை வருஷக்கணக்காக உச்சத்திலேயே நின்றது. காட்டுப் பறவை என்ற காரணத்தாலேயே மதிக்கப்பட்ட கிரவுஸ், வருஷத்தின் பெரும்பகுதி மருந்துண்ணும் பிராணியாகிவிட்டதில் உள்ள முரண்பாட்டை வேட்டைக்காரர்களில் சிலரே சுட்டிக்காட்டுகிறார்கள்.

2010-ல் வட இங்கிலாந்தின் மேடுகளில், கண்ணைச் சுற்றி வீங்கி நீர் வழியும் கிரவுஸ்கள் காணப்பட்டன. பரிசோதித்ததில், பண்ணைக்கோழிகளிடம் முன்பே அறியப்பட்ட கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஓரணு ஒட்டுண்ணி என்று தெரிந்தது. அதற்கு முன் இந்தப் பறவையிடம் அதைக் கண்டவர் இல்லை. சில வருஷங்களுக்குள் பல மேடுகளுக்கு அது பரவிவிட்டது. பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொத்திச்செல்லும் மருந்துக்கல் பெட்டிகளே அதன் சந்தையாக இருக்கலாம் என்று சிலர் ஐயுறுகிறார்கள். பெட்டியின் தவறன்று, நெருக்கத்தின் தவறு என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். நூற்புழுவுக்குப் பூசிய மருந்து அதன்மேல் செல்லாது. நோயுற்ற பறவைகளைத் தேடிப்பிடித்துக் கொன்றுவிடும்படி காவலர்களுக்கு யோசனை கூறப்பட்டிருக்கிறது.